ஆடி மாதத்துச் சினை

கெண்டை மீனுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது. ரோகு, கட்லா வயிற்றில் சினை திரண்டு நிற்பது ஜூலை, ஆகஸ்டில். திருவேற்காட்டில் அதற்குப் பெயர் ஆடி. கருமாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருந்துகொண்டு, மஞ்சள் சேலைக் கூட்டம் தெருவை நிறைத்துப் போகிற மாதத்தில், தூண்டிலுக்காக மீன் சினையைப் பதப்படுத்துகிற குடும்பத் தலைவனுக்கு வீட்டில் என்ன மரியாதை உண்டோ, அது எனக்குக் குறைவில்லாமல் கிடைக்கிறது.

"ஏங்க, அம்மன் மாசத்துல ஃப்ரிட்ஜுல கவுச்சியா?"

ஆடி ஞாயிறில் வாசலில் கூழ் ஊற்றினால் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு வைக்கிற ஊர்ப்பக்கம் இது. உப்பில் போட்ட மீனை ஏற்றுக்கொள்கிற அம்மன், உப்பில் போட்ட முட்டையையா வேண்டாம் என்பாள்? சட்டம் பேசிப் பார்த்தேன். "அது படையல். இது உங்க பொழுதுபோக்கு" என்று தீர்ப்பு வந்தது. கெஞ்சியதில் அடித்தட்டில், கத்திரிக்காய்க்குப் பின்னால் இடம் கிடைத்தது.

பதப்படுத்தும் முறை அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தது. அங்கே சால்மன் கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடும். நீரோட்டம் இழுத்து வரும் முட்டைகளை ட்ரவுட் மீன்கள் காத்திருந்து தின்னும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் தூண்டிலில் முட்டையையே மாட்டுகிறார்கள். உப்பு நீரை இழுத்து முட்டையை இறுக்கும், சர்க்கரை அது கல்லாகாமல் பார்த்துக்கொள்ளும், வெண்காரம் அழுகவிடாது. சிவப்புச் சாயமும் ஏற்றுவார்கள். நான் கேசரிப் பவுடரை எடுத்துக்கொண்டேன். தீபாவளிக்கு வாங்கி வைத்தது என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் கேட்டதும், "நகைப் பட்டறையா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தங்கம் பற்ற வைக்கிறவன் என்ற கௌரவம் நாலு நிமிஷமாவது இருக்கட்டுமே.

சால்மன் முட்டை பட்டாணி என்றால் கெண்டையின் முட்டை ரவை. ரவையை ஒவ்வொன்றாக முள்ளில் குத்த முடியாது. ஆகவே பழைய கொசுவலையைத் துண்டு துண்டாக வெட்டி, சினையைப் பொட்டலமாக முடிந்தேன். கூவம் ஓடுகிற ஊரில் கொசுவலையை வெட்டுகிறவனைப் பற்றி மனைவி என்ன நினைத்தாள் என்பதை இங்கே எழுத முடியாது. வெண்காரத்தைச் சாப்பாட்டில் சேர்க்கக் கூடாது என்பதால் பாட்டிலில் 'சாப்பிடக் கூடாது' என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் அதன் கீழே 'யாரு சாப்பிடப் போறா' என்று எழுதியிருந்தது.

இந்தச் சினையின் அருமை எனக்குத் தெரியாமல் இல்லை. ரோகுவும் கட்லாவும் தேங்கிய நீரில் சினை பிடிக்குமே தவிர முட்டையிடாது; அதற்கு ஆற்று வெள்ளம் வேண்டும். 1957 ஜூலை 10-ஆம் தேதி கட்டாக்கில் ஹீராலால் சவுத்ரியும் அவரோடு இருந்தவர்களும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டையை முட்டையிட வைத்தார்கள். இன்று அது தேசிய மீன் விவசாயிகள் நாள். அவர்கள் அப்படி மல்லுக்கட்டி வெளியே கொண்டுவந்த பொருளின் மேல்தான் நான் கல் உப்பைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

முட்டைக்கு மயங்குகிற ட்ரவுட் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நீலகிரி ஓடைகளில் விட்டது. அவ்வளவு தூரம் தூண்டில் வீச என் தோள்பட்டை இடம் தராது. இங்கே ஏரிக்கு ஏரி ஜிலேபிதான். ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டு 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன். இதில் தாய் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கும். அதுவரைக்கும் பெரும்பாலும் பட்டினி. வாய் நிறைய முட்டையோடு விரதமிருக்கிற தாயின் முகத்துக்கு நேரே கேசரி நிறத்தில் முட்டைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டபடி அயனம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர் மைதா உருண்டையை வைத்தே ஜிலேபிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் பாட்டிலை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், சினையா? குடு, வூட்ல வறுத்துக்கறேன்."

"வெண்காரம் போட்டிருக்கு பெரியவரே. சாப்பிடக் கூடாது."

"அது இன்னாத்துக்கு?"

"கெட்டுப் போகாம இருக்க. ஜிலேபி வராட்டியும் கெளுத்தி வருமில்ல?"

அவர் பக்கத்திலிருந்த பையைத் திறந்து காட்டினார். உள்ளே கோழிக் குடல், வெயிலில் வைத்துப் பக்குவம் பண்ணியது. நான் இரண்டடி தள்ளிப் போனேன்.

"கெட்டாத்தான் சார் கெளுத்தி வரும்."