பட்டாபட்டியில ஒரு பிஸ்டல்

ஏங்கண்ணு, பாக்கெட்டுல அடங்குற மாதிரி சின்னத் துப்பாக்கி ஒன்னு வேணுமாமே உனக்கு? வாங்கு, நல்லா இரு. மொதல்ல ஒன்னு மட்டும் சொல்லு. எந்தப் பாக்கெட்டு?

அங்கராக்குப் பாக்கெட்டா? கான்பூர் பேக்டரியில 2014-ல ‘நிர்பீக்’னு ஒரு ரிவால்வர் கொண்டாந்தாங்க. பொம்பளைங்களுக்குன்னே செஞ்சதாம், கைக்கு லேசாம். அந்த லேசே அரைக்கிலோ. நம்மூரு கோழிமுட்டை ஒம்பது சேர்ந்தா அந்தக் கனம். ஒம்பது முட்டையப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, குனிஞ்சு மோட்டார் ரூமுக்குள்ள நொழைஞ்சு பாரு. அது தொங்கற தொங்கலுக்கு, புதன்சந்தையில நிக்கற மாடுகூட, இவன் என்னத்தையோ வச்சிருக்கான்னு திரும்பிப் பாக்கும். இதுல ஒளிச்சு வச்சுக்கறதாமா?

பேண்டுப் பாக்கெட்டா? பைனான்ஸ் ஆரம்பிச்சதுலருந்து நீதான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைக்கு மாறிட்டயே! அப்ப மிச்சம் பட்டாபட்டிப் பாக்கெட்டுதான். நல்ல எடம். என்ற அப்பன் பருத்தி வித்த காசை அங்கதான் வச்சிருந்தாரு. ஆனா ஒரு சங்கடம். திருடன் கத்தியோட முன்னால நிப்பான். நீ ஒரு கையில வேட்டியத் தூக்கோணும். இன்னொரு கைய உள்ள விட்டுத் துழாவோணும். பீடிக்கட்டு வரும், சாவிக்கொத்து வரும், கடைசியா துப்பாக்கி வரும். அதுக்குள்ள அவன் உன்ற சங்கிலிய அறுத்துக்கிட்டு மல்லசமுத்திரம் தாண்டியிருப்பான். இல்லீன்னா, நீ வேட்டியத் தூக்கறதப் பார்த்துக் கூச்சப்பட்டே ஓடிருவான். அப்படி ஓடிட்டான்னா துப்பாக்கிக்குக் குடுத்த காசு தெண்டம்தான?

மறைச்சு வச்சுக்கறது பெரிய ஸ்டைலுன்னு வேற நெனச்சுக்கிட்டு இருக்கே. அது சட்டம் சாமி. 2016 ஆயுத விதிகள எடுத்துப் பாரு. பொது எடத்துக்குக் கைத்துப்பாக்கி கொண்டுபோனா அதுக்குன்னு செஞ்ச உறையில போட்டு உடம்போட மாட்டியிருக்கோணும், இல்லீன்னா பைக்குள்ள இருக்கோணும். துளிகூட வெளிய தெரியாம மூடியிருக்கோணும். உன்ற கைப்பிடியில இருக்கோணும். பத்துப் பேரு முன்னால எடுத்து ஆட்டிக் காட்டக் கூடாது. பட்டாபட்டி உறைக் கணக்குல வருமான்னு கலெக்டர் ஆபீஸ்ல போய்க் கேட்டுப்போட்டு வா. கேக்கறப்ப என்ற பேரைச் சொல்லிப்போடாத.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அமெரிக்காக்காரன் துப்பாக்கி காட்டுற வீடியோவாப் பாக்கறயாம். அவன் ஒம்பது எம்.எம். காட்டுவான், .38 காட்டுவான். நம்ம நாட்டுல அது போலீசுக்கும் பட்டாளத்துக்கும் ஆன ரகம். உனக்கும் எனக்கும் விட்டு வச்சது பெரும்பாலும் .32. அதுக்கும் கீழ .22. இசாப்பூர் பேக்டரியில ‘நிடர்’னு .22-ல ஒன்னு செஞ்சாங்க, கால் கிலோதான். அதைக் காட்டுனா, இவ்வளவு சிறுசாம்பே. சரி, பெருசாப் பார்ப்போம்னா கான்பூர்ல 2023-ல ‘பிரபல்’ வந்துது. 675 கிராம். அம்பது மீட்டர் தூரம் சுடுமாம். ஏஞ்சாமி, திருடன் அம்பது மீட்டருக்கு அக்கட்டால நிக்கறப்ப நீ எதுக்குச் சுடோணும்? கதவச் சாத்து!

சீமைச் சரக்குதான் வேணுங்கறயா? 1980கள்லயே எறக்குமதிக்குக் கதவடைச்சாச்சு. அதுக்கு முன்னால வந்த வால்தர் மாதிரி பழசையெல்லாம் லட்சக்கணக்குல பேரம் பேசறாங்க. இந்த நாட்டுல கெழட்டுத் துப்பாக்கிக்கு இருக்கற மவுசு கெழட்டு மனுசனுக்கு இல்ல. உள்நாட்டு நிர்பீக்கே வந்த புதுசுல 1,22,360 ரூவா. நகைப்பெட்டியில வச்சுக் குடுத்தாங்களாம். சேலத்துல கொலுசு எடுத்தா அந்த மாதிரிப் பெட்டி சும்மாவே தருவாங்களே!

காசு இருந்தா ஆச்சா? 21 வயசு ஆகியிருக்கோணும். துப்பாக்கியப் பத்திரமாக் கையாளப் படிச்சதுக்குச் சான்று வேணும். ஏன் வேணும், ஆரால ஆபத்துன்னு போலீசு துருவித் துருவி விசாரிக்கும். புத்தி சரியா இருக்குதுன்னு டாக்டர் எழுதிக் குடுக்கோணும். அவருகிட்டப் போயி, குண்டு போட்ட துப்பாக்கிய டிராயருக்குள்ள வச்சுக்கப் போறேன்னு மட்டும் சொல்லிப்போடாத. எழுதுன கையெழுத்தையும் அடிச்சிருவாரு.

பயிர்க்காவலுக்குன்னா, வாய்வழியா மருந்து கெட்டிக்கற நீளத் துப்பாக்கிக்குச் சட்டத்துல தனியா எடமே இருக்குது. ஆனா அது உன்ற பாக்கெட்டுக்குள்ள போகாதே! அதுக்காக உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியக் கமுக்கமா வாங்கிக்கலாம்னு ஆரு பேச்சையும் கேட்டுப்போடாத. மாட்டுனா 2 வருசத்துக்குக் கொறையாது. 5 வருசம் வரைக்கும் போகும். அப்பறம் உன்ற பண்ணைக் கோழிக்கு ஆரு தீவனம் போடறது?

உரிமமும் வந்துது, துப்பாக்கியும் வந்துதுன்னு வையி. இனிமேதான் சோலியே. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா உரிமத்தப் புதுப்பிக்கோணும். எலக்சன் அறிவிச்சா ஸ்டேசன்ல கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு ரசீது வாங்கோணும். எம்.பி. எலக்சன், எம்.எல்.ஏ. எலக்சன், ஊராட்சி எலக்சன்னு நம்மூர்ல எலக்சனுக்கா பஞ்சம்? ஊட்டுல இருக்கறப்ப கொழந்தைங்க கையில சிக்காமப் பூட்டி வைக்கோணும். மாரியம்மன் நோம்பியில சந்தோசத்துல வானத்தப் பாத்து ஒரு வேட்டுப் போட்டயோ, 2 வருசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல லட்ச ரூவா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். ஒரம்பரை ஊட்டுக்குப் போனா மடியில பாரம். விட்டுப்போட்டுப் போனா மனசுல வெசனம். துப்பாக்கி உனக்குக் காவலா, நீ துப்பாக்கிக்குக் காவலா? வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டவன் கதைய உனக்கு ஆரும் சொல்லலியா?

சினிமாவுல பாக்கெட்டுலருந்துதான எடுக்கறாங்கன்னு கேப்பே. அந்தச் சினிமாவையே நம்ம சேலம் ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ்காரங்கதான எடுத்தாங்க? 1966-ல ‘வல்லவன் ஒருவன்’, 1970-ல ‘சி.ஐ.டி. சங்கர்’. ஜெய்சங்கர் கோட்டுக்குள்ள கைய விட்டா துப்பாக்கி வரும். கோட்டுடா அப்புனு, கோட்டு! வைகாசி வெயில்ல கோழிப்பண்ணைக்குக் கோட்டுப் போட்டுக்கிட்டுப் போவியா நீ?

நெசத்துல சுட்டா என்ன ஆவும்னு தமிழ்நாடே பாத்துதே! 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். ஒரே ரூமுக்குள்ள எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டாரு. எம்.ஜி.ஆருக்குக் கழுத்துல குண்டு. ராதாவுக்கும் குண்டுக் காயம். ரெண்டு பேருமே பொழைச்சாங்க. ஒருத்தருக்குக் குரல் மாறிப்போச்சு, ஒருத்தரு ஜெயிலுக்குப் போனாரு. எட்டிப் பிடிக்கற தூரத்துலயே இந்தக் கதின்னா, நீ கும்மிருட்டுல, கை நடுங்க, தூக்கக் கலக்கத்துல என்னத்தச் சுடுவே? கட்டுத்தரையில நிக்கற எருமையத்தான். பால் சொசைட்டிக்கு நீதான் பதில் சொல்லோணும்.

கெழவன் சிரிக்கறான்னு கோவிச்சுக்காத. உன்ற பயம் பொய்யின்னு நான் சொல்லல. 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்துல ஒரே குடும்பத்துல மூணு பேரைக் கொன்னுபோட்டாங்க. 2025-ல சிவகிரி பக்கம் தோட்டத்துல தனியா இருந்த வயசான புருசன் பொஞ்சாதியையும் கொன்னுபோட்டாங்க. கேட்டதுலருந்து தோட்டத்துச் சாளையில படுக்கற எங்களுக்கெல்லாம் அடிவயிறு கலங்கித்தான் கெடக்குது. ஆனா யோசி. நடுச்சாமத்துல உன்ற வேட்டி கொடியில தொங்கும். துப்பாக்கி பீரோவுல பூட்டிக் கெடக்கும். சாவி உன்ற ஆத்தா தலகாணிக்கு அடியில. ஆத்தாவ எழுப்பி, சாவி கேட்டு, எதுக்குடான்னு அவங்க கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடிக்கற வரைக்கும் வந்தவன் காத்திருப்பானா?

ஆகற காரியத்தப் பாரு. நாய் ஒன்னு பத்தாது, ரெண்டா வளத்து. களத்துலயும் இட்டேரி மொனையிலயும் லைட்டப் போடு. கேமராவ ஆசாரத்துல மாட்டி உன்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காம, கேட்டுல மாட்டு. நாய் கொலைச்சா வீராப்பா வெளிய போகாத. உள்ளருந்தே வெளக்கப் போடு, பக்கத்துத் தோட்டத்துக்குப் போனப் போடு, 100-க்குப் போடு. பக்கத்துத் தோட்டத்தான்கிட்ட வரப்புத் தகராறுன்னு மூணு வருசமாப் பேசறதில்லையாமே? மொதல்ல அதத் தீத்துக்க. ஒன்னே கால் லட்சத்துத் துப்பாக்கியவிட ஒரு சத்தத்துக்கு ஓடியாற மனுசன் பெருசு. வசூல் பணத்த அன்னன்னைக்கே பேங்குல கட்டு. கழுத்துல கெடக்கற அந்த அஞ்சு பவுனைக் கழட்டி வையி. கொள்ளைக்காரனுக்கு அழைப்பு வச்சுப்போட்டு, வந்தா சுடறதுக்குத் துப்பாக்கி தேடறது என்ன நாயம்?

இத்தனைக்கும் அப்பறமும் வேணும்னா வாங்கு. தடுக்க நான் ஆரு? மூணே மூணு கேள்வி. அலுக்காம பயிற்சிக்குப் போவியா? கோவத்துலயும் போதையிலயும் அதத் தொடாம இருப்பியா? அது உன்கிட்ட இருக்கற சேதி நாலு பேருக்குத் தெரியாமக் காப்பாத்துவியா? மறைச்சு வச்சுக்கற துப்பாக்கிக்கு இந்த மூணாவதுதான் உசிரு. இந்த ஊட்டுல துப்பாக்கி இருக்குதுன்னு தெரிஞ்சா, வர்றவன் மொதல்ல அதத்தான தேடுவான்?

மொத ரெண்டுக்கும் ஆமான்னு தலையாட்டுவே. மூணாவதுல நீ பெயிலு கண்ணு. இன்னும் நீ மனுவே போடல. அதுக்குள்ள டீக்கடை மாஸ்டரு, முடிவெட்டுற கடைக்காரரு, தீவன லாரி டிரைவரு மூணு பேரும் வந்து, உங்க ஊட்டுப் பையன் துப்பாக்கி வாங்கறானாமேன்னு எங்கிட்டக் கேட்டுப்போட்டாங்க.