சார்லமேனின் பேரப்பிள்ளைகள்

கொடிவழி ஆய்வு மாநாடு என்பது, தத்தம் முன்னோரின் பெருமையைச் சொல்ல ஆள் தேடி அலைபவர்கள், அதே நோக்கத்துடன் அலையும் பிறரை ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்து ஏமாறும் நிகழ்வு. அமெரிக்க மேற்கு மாநிலம் ஒன்றில் அண்மையில் நடந்த அத்தகைய மாநாட்டுக்கு முதன்முறை சென்றவர்கள், சான்று நெறியைக் கற்றுத் திரும்பலாம் என்று நம்பிப் பணம் கட்டியிருந்தனர். சான்று நெறியாவது, இன்னார் இன்னாரின் மகன் என்று எழுதுமுன் ஆய்வாளர் நிறைவேற்ற வேண்டிய ஐந்து கூறுகள். அவற்றுள் முதலாவது, தொடர்புடைய ஆவணங்களை நியாயமான அளவுக்கு ஒன்றுவிடாமல் தேடி முடிப்பது. ஏனைய நான்கும் பின்னர் விளக்கப்படும்.

அதற்குமுன் கழுத்தில் தொங்கும் பெயரட்டையைப் பற்றிக் கூற வேண்டியுள்ளது. அதன் அடிவிளிம்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டப்படும், பொன்னெழுத்துப் பொறித்த வண்ண நாடாக்கள் அணிந்திருப்பவரின் தகுதிகளைப் பறைசாற்றுகின்றன: பேச்சாளர், தொண்டர், மேஃபிளவர் கப்பலில் வந்தவரின் வழித்தோன்றல். 1620இல் அமெரிக்காவில் குடியேற அக்கப்பலில் வந்த பயணிகள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர் என்பது வரலாறு. எஞ்சியோரின் சந்ததியார் அனைவரும் காப்பி வரிசையில் தமக்கு முன்னால் நிற்பதாகவே புதியவருக்குத் தோன்றும். மூத்த உறுப்பினர் சிலரின் நாடாக்கள் முழங்காலைத் தொடுவதால், ஈரத்தரையில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பது போல அவற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடக்கின்றனர். புதியவருக்குக் கிடைப்பது 'முதல் வருகை' என்ற ஒற்றை நாடா. இவர் இன்னும் எவருடைய கதையையும் கேட்டுச் சலிக்காதவர் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அந்நாடாவைக் கண்டதும் நெருங்கி வருபவர், தம் பெயரைச் சொல்லுமுன் சார்லமேனின் பெயரைச் சொல்வார். சார்லமேன் என்பவர் 800ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் உரோமில் பேரரசராக முடிசூடிய பிராங்கிய மன்னர். அவர் தமக்கு நாற்பதாவது தலைமுறைப் பாட்டன் என்று அறிவித்துவிட்டு, வந்தவர் எதிராளியின் முகத்தில் வியப்பைத் தேடுவார். கணக்கோ வேறு. பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர் என இரட்டித்துக்கொண்டே போனால், நாற்பதாவது படியில் நிரப்ப வேண்டிய இடங்கள் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி. அக்காலத்தில் உலக மக்கள்தொகையே 40 கோடியை எட்டவில்லை. ஆகவே ஒரே ஆள் பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். இதற்கு மூதாதையர் சுருக்கம் என்று பெயர். போதிய அளவு பின்னோக்கிச் சென்றால், அன்று சந்ததி தழைத்த ஒவ்வொருவரும் இன்றுள்ள அனைவருக்கும் முன்னோராகிவிடுவர் என்பதை ஜோசப் சாங் என்ற புள்ளியியலாளர் 1999இல் ஒரு கணித மாதிரி வழியே காட்டினார். ஐரோப்பிய வேருள்ள எவருக்கும் சார்லமேன் பாட்டனாக இருப்பதில் பெருமைக்கு இடமில்லை, தப்பிக்கத்தான் வழியில்லை. வம்சம் தழைத்திருந்தால், அவருடைய பன்றிகளை மேய்த்தவரும் பாட்டனே; ஆயினும் பன்றி மேய்த்தவருக்கு நாடா அச்சிடுவாரில்லை.

சான்று நெறியின் இரண்டாம் கூறு, எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் அது கிடைத்த இடத்தை முழுமையாகக் குறிப்பது. இதனை விரிவாக ஆராயுமுன், சுருக்கத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்பெயினின் இரண்டாம் கார்லோஸ் மன்னரின் (1661–1700) கொடிவழியைத் திரையில் காட்டி, தந்தையே தாய்க்குத் தாய்மாமன் என்று பேச்சாளர் கூறியதும் அரங்கு மூச்சடைத்துப் போகும். இதில் திகைக்க என்ன இருக்கிறது என்று தமிழ் வாசகர் கேட்பார். கேட்டபின், மணமகள் அக்காள் மகளா தங்கை மகளா என்றும் விசாரிப்பார். தங்கை மகள். அவ்வகையில் முறை சற்று இடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் சிரிப்பதும் முறையன்று. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ரசம் வருவதற்குள், தம் கொள்ளுத்தாத்தாவுக்கு ஏழு ஊர் மிராசு இருந்ததைச் சொல்லி முடிப்பதும், அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் தம் வீட்டு எட்டு ஊர் மிராசை மனத்துக்குள் தயாராக்கிக்கொண்டிருப்பதும் நாடா இல்லாத மாநாடுகளே. ஊருக்கு இத்தனை மிராசுதார்கள் என்றால் அவ்வயல்களில் நாற்று நட்டவர்களுக்கு மட்டும் பேரப்பிள்ளைகளே பிறக்கவில்லையா என்று பந்தியில் எவரும் கேட்பதில்லை.

அமெரிக்க மாநாட்டுக்குத் திரும்பினால், அதன் கண்காட்சிக் கூடத்தில் மரபணுச் சோதனைப் பெட்டிகள் தள்ளுபடி விலைக்குக் கிடைக்கின்றன. பெட்டிக்குள் இருக்கும் சிறு குழாயில், குறித்த கோடு வரை எச்சிலைத் துப்பி அனுப்ப வேண்டும். அதற்குமுன் 30 நிமிடம் எதையும் உண்ணவோ பருகவோ கூடாது என்று குறிப்பும் உண்டு. பேசவும் கூடாது என்று ஒரு சொல் சேர்த்து அச்சிட்டிருந்தால், முழு விலைக்கே வாங்கி வரிசையில் நின்ற அனைவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்திருக்கலாம்.