துரத்திய வழியில் ஒரு சைக்கிள் பயணம்

கேள்வி: செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை அமெரிக்க ராணுவம் விரட்டிய பாதையில், அவர்களுடைய வாரிசுகளே இப்போது சைக்கிள் ஓட்டுகிறார்களாமே! துயரம் நடந்த வழியில் உல்லாசப் பயணமா?

பதில்: உல்லாசமா? சுமார் 1,500 கிலோமீட்டர் மிதித்துப் பாருங்கள், முழங்காலே பதில் சொல்லும்! 1830இல் பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டம் வந்தது. 1832இல் உச்ச நீதிமன்றம் செரோக்கிகள் பக்கம் தீர்ப்பளித்தும், அவர்கள் வாழ்ந்த ஜார்ஜியா மாநிலம் அசைந்து கொடுக்கவில்லை. 1838இல் ராணுவம் அவர்களை வீடுகளிலிருந்து இழுத்து, முகாம்களில் அடைத்து, இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டியது. ஏறத்தாழ 16,000 பேரில் 4,000 பேர்வரை பசிக்கும் நோய்க்கும் குளிருக்கும் பலியானதாக மதிப்பிடுகிறார்கள்.

அந்தத் தடத்தை 1987இல் அமெரிக்கா தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவித்தது. பலகை நட்டால் வழிப்போக்கனுக்குத் தெரியும். மிதித்துப் போனால்தான் பேரனுக்குப் புரியும். செரோக்கிகளின் பழைய தலைநகரான நியூ எக்கோட்டாவில் கிளம்பும் இளைஞர்கள், வழியில் முன்னோரின் கல்லறைகளில் வணங்கி, இன்றைய தலைநகர் டாலக்வாவைச் சேர்கிறார்கள். ஒழித்துவிட நினைத்தவர்கள் துரத்திய வழியில் இன்று மணியடித்துப் போவது ஒழியாதவர்களின் சைக்கிள். கைதட்டி வாழ்த்துவோம்!