தீவில் வீடு பார்ப்போர் கவனத்துக்கு: எண்ணூர்க் காற்று குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுக்களத்தை முதலில் வரையறுத்துவிடுவோம். கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்று பள்ளியில் படித்த எவரும் சென்னைக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளியைத் தீவில்லை என்று மறுக்க இயலாது. அதுவும் வெப்பமண்டலத் தீவு. ஹவாய் 19 பாகைக்கு அப்பால் கிடக்கிறது. காட்டுப்பள்ளி 13 பாகையை ஒட்டியது. வெப்பமண்டலத் தகுதியில் நாம் ஹவாயை ஆறு பாகை முந்திவிட்டோம். (ஐயம் உள்ளவர்கள் மே மாதம் மதியம் எண்ணூர் ரயில் நிலையத்தில் குடையின்றி நிற்கலாம்.)

இருந்தும் தீவு வீடு தேடும் உலகச் செல்வந்தர்கள் ஹவாய்க்குப் போகிறார்கள். சென்னைச் செல்வந்தர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பிவிடுகிறார்கள். இப்புறக்கணிப்புக்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடிகள் இல்லாமலில்லை. 1806இல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டினார்; அது நீண்டு வளர்ந்து 1878இல் பக்கிங்காம் என்ற கவர்னரின் பெயரைப் பெற்றது. அந்தக் காலத்துத் துரைமார் எண்ணூருக்குக் காற்று வாங்க வந்தார்கள். இன்று யாரும் வந்து வாங்க வேண்டியதில்லை. சரக்கோடு வீட்டுக்கே வந்து சேர்கிறது.

ஹவாயிலும் சரக்கு உண்டு. கிலாவேயா எரிமலையின் நெடிய வெடிப்பு ஒன்று 1983இல் தொடங்கிக் கந்தக டை ஆக்சைடைக் கக்கிக்கொண்டிருந்தது. எனவே அங்கே விவரம் தெரிந்தவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்டே மனை வாங்கினார்கள். நம் அனல்மின் நிலையங்களும் அதே வாயுவைத்தான் விடுகின்றன. எரிமலைக்கு யாரும் கெடு விதிக்கவில்லை. அனல்மின் நிலையங்களுக்கோ 2015 டிசம்பரில் உச்சவரம்பு வகுத்து இரண்டாண்டுக் கெடுவும் கொடுத்தார்கள். கெடு பலமுறை தள்ளிப்போனது. எரிமலையின் அந்த வெடிப்பு 2018இல் தானாக நின்றுவிட்டது.

திசைதான் முக்கியம் என்று தெளிவாகிவிட்டதால், திசையை ஆராய நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சாஸ்திரத்தையே கையாண்டோம். தீவையும் அக்கம்பக்கத்தையும் ஒரே மனையாக எடுத்து, எண்ணூர் குப்பத்தை நடு வீடாகக் கொண்டால் வாஸ்து அசாதாரணமாகப் பொருந்துகிறது. வாசல் கிழக்கே கடலைப் பார்க்கிறது. ஈசானியத்தில் பள்ளமும் நீரும் இருக்க வேண்டும்: அந்தப் பக்கம் தூர்வாரி ஆழப்படுத்திய காமராஜர் துறைமுகம், நிலக்கரி இறக்குவதற்கென்றே 2001இல் திறந்தது. கன்னி மூலையில் பாரம் ஏற்ற வேண்டும்: மணலி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் சேர்ந்து, இதைவிடப் பாரம் ஏற்ற யாராலும் முடியாது. பிழை ஒன்றே ஒன்று. அக்னி மூலையில் வைக்க வேண்டிய அடுப்பை வாயு மூலையில் வைத்துவிட்டார்கள். வல்லூர் அனல்மின் நிலையம், 1500 மெகாவாட். சற்றே வடக்கில் வடசென்னை அனல்மின் நிலையம் என்ற இன்னோர் அடுப்பு. வாடைக் காற்று அடித்தால் இவற்றின் சமையல் மணக்கும். தென்மேற்கிலிருந்து அடித்தால் மணலி மணக்கும்.

மிச்சமிருக்கும் அக்னி மூலை வெறும் கடல், ஆகவே தூய்மையானது என்று இவ்விடத்தில் எழுதியிருப்போம். ஆனால் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பமும் சின்னக்குப்பமும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கடற்காற்றையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று.

அறிஞர்கள் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள் என்பார்கள். பார்த்தோம். எட்டு மாசுகளை எண்ணுவது அது. அம்மோனியாவும் அதில் உண்டு, 24 மணி நேரச் சராசரியாக. குப்பத்து மக்கள் சராசரி வரும்வரை பொறுத்திருக்கவில்லை என்பது அவர்களுடைய ஆய்வுமுறையின் குறைபாடு. கைமுறைக் கண்காணிப்பு நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் அளப்பது வழக்கம். காற்றுக்கு வார விடுமுறை கிடையாது.

எனவே வட்டாரக் கருவியான கொடிக்கயிறே நம்பகமானது. வெள்ளை வேட்டியை மாடியில் காயப்போட்டு, மாலையில் உதறிப் பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் கருவாடு காயவைப்பவர்களுக்கு இன்னும் நுட்பமான அளவீடு கிடைக்கும். கருவிக்கு ஓர் எல்லை உண்டு: வேட்டியில் தெரிவது பெருந்தூசி. 2.5 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள் வேட்டிக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். அதற்கு இந்தியா ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 5 போதும் என்கிறது. நம் நுரையீரல் எட்டு மடங்கு உறுதியானது என்று எப்போது கண்டறிந்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

வாழ்க்கைமுறையைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை. விடுதிகள் காசு வாங்கிக்கொண்டு தரும் வெந்நீர்க் குளம் இங்கே இலவசம்: மின்நிலையம் தன்னைக் குளிர்வித்துக்கொண்ட நீரைக் கழிமுகத்தில் விடுகிறது. இடுப்பளவு நீரில் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அந்தச் சூடும், காலடியில் படியும் சாம்பல் சேறும் நன்கு பழக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் வந்து படகுகளுக்கும் வலைகளுக்கும் கறுப்புப் பூசியது. இப்போது ஆற்றுப் படுகையை மூடிக்கொண்டிருக்கும் காக்கா ஆழி தென் அமெரிக்கச் சிப்பி. வெளிநாட்டார் எவரும் இங்கே குடியேற விரும்புவதில்லை என்ற கூற்று இதனால் தகர்கிறது.

உண்மையில் இந்த வட்டாரத்தை நன்றாக ஆராய்ந்து, மனமொப்பிக் குடியேறியவை அனல்மின் நிலையங்களே. கடல்நீர் வேண்டும், துறைமுகம் பக்கத்தில் வேண்டும், சாம்பல் கொட்ட இடம் வேண்டும், அக்கம்பக்கத்தார் அதிகம் பேசக்கூடாது. எல்லாம் அமைந்தது. காற்றையும் அவை மறக்கவில்லை: 500 மெகாவாட் அலகுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் இருக்க வேண்டும் என்பது அவற்றைக் கட்டிய காலத்து விதி. நல்ல காற்று அந்த உயரத்தில் இருக்கக்கூடும்.

1970 முதல் இங்கே குடியிருந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31 அன்று வீட்டைக் காலி செய்தது. அதே வளாகத்தில் 660 மெகாவாட்டில் புது வீடு கட்டிக்கொள்ள 2024 டிசம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடந்தது. அக்கம்பக்கத்தார் அன்று நிறையவே பேசினார்கள். வேண்டாம் என்றார்கள்.