நாலு வீடு மாறிய விளக்கு

மெரினாவில் கால் நனைக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றுதான் பெரியம்மா போனில் சொல்லியிருந்தார். மதுரையிலிருந்து வந்து இறங்கிய பெரியப்பாவின் சட்டைப்பையில் வேறு திட்டம் இருந்தது. பழைய பேப்பர் கட்டிங். சென்னைக் கலங்கரை விளக்கம் இதுவரை நாலு இடத்தில் இருந்திருக்கிறதாம். நாலையும் வரிசைப்படி, ஒரே நாளில் பார்க்க வேண்டுமாம். பதிவுத்துறையில் காலம் தள்ளியவர். மூலப்பத்திரம் பார்க்காமல் கடலையே நம்ப மாட்டார்.

நாள் குறிப்பதற்குள் கல்யாணமே முடித்திருக்கலாம். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். செவ்வாய் வேண்டாம் என்றது பெரியம்மா. புதன்கிழமை கிளம்பினோம், மே மாத வெயிலில்.

கோட்டைக்குள் நுழைந்ததும் பெரியப்பா விளக்கைத் தேடினார். “நீங்க நிக்கிற கட்டடமேதான் பெரியப்பா” என்றேன். இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில்தான் 1796-ல் முதல் விளக்கு எரிந்தது, தேங்காய் எண்ணெயில். “இப்ப எண்ணெய் விக்கிற விலைக்கு ஒரு தோணிக்குக்கூட வழி காட்ட முடியாது” என்றார் பெரியம்மா.

உள்ளே கவர்னர்கள் படங்களில் விறைப்பாக நின்றார்கள். அவர்களைச் சீக்கிரமே கடந்துவிட்டோம். பெரியப்பாவை நிறுத்தியது ஒரு மரக்கூண்டு. 1840-ல் ஆன்ஸ்ட்ரூதர் என்ற மதராஸ் பீரங்கிப்படை கேப்டனைச் சீனர்கள் அதற்குள்தான் அடைத்து வைத்திருந்தார்கள். பெரியப்பா குனிந்து முழம் போட்டுப் பார்த்தார். “மனுசன் இதுல எப்படிடா உக்காந்தான்? கால நீட்ட வழியில்லையே!” பத்து நிமிடம் கழித்து ஒரே ஆட்டோவில் ஐந்து பேர் உயர் நீதிமன்றத்துக்குப் போனோம். என் முழங்கால் என் தாடையில் இருந்தது. கேப்டனைப் பற்றி யாரும் பேசவில்லை.

நீதிமன்ற வளாகத்தை மதிலுக்கு வெளியிலிருந்துதான் பார்த்தோம். அங்கே இரண்டு வீடுகள். 1844-லிருந்து விளக்கு எரிந்த கல்தூண் ஒன்று. பக்கத்திலேயே நீதிமன்றம் அதைவிட உயரமாக எழுந்ததும், 1894-ல் விளக்கு அதன் கோபுரத்துக்கு ஏறிவிட்டது. “அடுத்த வாசலுக்கே குடிபோயிருக்கு. வண்டிக்கூலி மிச்சம்” என்று பெரியப்பா மெச்சினார். 1914-ல் எம்டன் கப்பல் குண்டு போட்டபோதும் விளக்கு அங்கேதான் இருந்தது என்றேன். “குண்டு விழுந்தும் 1977 வரைக்கும் காலி பண்ணலையே! அதுதான் குடித்தனக்காரன்.” கோர்ட்டு உச்சியிலேயே உட்கார்ந்துகொண்டால் யார் காலி பண்ண வைக்க முடியும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மெரினாவுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. சிவப்பும் வெள்ளையுமாய், முக்கோண வடிவில், லிஃப்ட்டோடு ஓங்கி நிற்கும் நாலாவது வீடு. 2013-ல்தான் மறுபடி ஜனங்களை மேலே விட ஆரம்பித்தார்கள். லிஃப்ட்டிலிருந்து இறங்கிய பிறகும் கொஞ்சம் படி ஏற வேண்டியிருந்தது. பெரியம்மா ஒவ்வொரு படிக்கும் ஒரு முருகா.

மேலே காற்று ஆளையே தள்ளியது. எல்லோரும் கிழக்கே கடலைப் பார்க்க, பெரியப்பா மட்டும் மேற்கே திரும்பி நின்று, எந்தெந்த மொட்டை மாடியில் அனுமதியில்லாமல் ரூம் எடுத்திருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழோ பதினெட்டோ தேறியது. அதற்குள் நேரம் முடிந்தது என்று கீழே அனுப்பிவிட்டார்கள்.

மணலில் இறங்கியதும், “வாங்க பெரியம்மா, கால் நனைக்கலாம்” என்றேன்.

அவர் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தார். “கடல் எங்கடா போகப்போகுது? மொளகா பஜ்ஜி ஆறிப்போகும்.”