தள்ளத் தெரியாத தசை

கே: பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. குறுவைக்கு ஊருக்கு வந்தவன், வீம்புக்கு ஒரு நாள் நடவில் இறங்கினேன். அன்றைக்கு ஒன்றுமில்லை. மறுநாள் தொடையின் பின்பக்கம் உட்கார விடவில்லை. பக்கத்தில் நட்ட பெரியம்மா ஜம்மென்று வந்து நிற்கிறார். என்ன மர்மம்?
– வாசகர், ஒரத்தநாடு

ப: லாக்டிக் அமிலம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள், அது ஒரு மணி நேரத்துக்குள் கழுவிக்கொண்டு போய்விடும். குனிந்தபடி பின்னால் நகர்ந்தபோது உங்கள் பின்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்கியது. பழக்கமில்லாத தசை அப்படித் தாங்கினால் நார்களுக்குள் நுண்ணிய சிதைவு ஏற்படும். உடம்பு அதைச் செப்பனிட இறங்கியபின்தான் வலி ஏறும். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சம், பிறகு தணிந்துவிடும். அடுத்த வாரமும் இறங்கினால் இவ்வளவு வலிக்காது, தசை அதற்குள் பழகியிருக்கும். பெரியம்மா அந்தப் பாடத்தைப் பாவாடை கட்டிய வயதிலேயே முடித்துவிட்டார்.

அதற்காக அவருக்கு வலியே இல்லை என்று நினைக்காதீர்கள். முழுக்கக் குனிந்துவிட்டால் முதுகெலும்பை ஒட்டிய தசைகள் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். தோலில் மின்முனை ஒட்டிப் பார்த்தால் சத்தமே இருக்காது. பாரமெல்லாம் எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் நார்களின் தலையில் விழுகிறது. மணிக்கணக்கில் இழுபட்டால் அவை தளரும். வரப்பேறி, இடுப்பில் கை வைத்து நிமிரும்போது ‘யம்மாடி’ என்கிறாரே, அதுதான் அவருடைய புகார் மனு. உங்களிடம் வந்து படித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இடக்கையில் நாற்று முடி, வலக்கையில் பெருவிரலும் இரண்டு விரல்களும். பிரித்துச் சேற்றில் செருகும் வேகத்தைக் கவனித்தீர்களா? அந்த விரல்களுக்குள் தசையே கிடையாது. முன்கையிலும் உள்ளங்கையிலும் உட்கார்ந்திருக்கும் தசைகள் நாண்களைச் சுண்டி இழுத்தே அத்தனையும் நடக்கிறது.

கே: இழுப்பது சரி. தசை தள்ளுமா?
– வாசகி, பாபநாசம்

ப: தள்ளவே தெரியாது. பஞ்சர் ஆன ஸ்கூட்டியைத் தள்ளும்போதுகூட மேற்கையின் பின்பக்கத் தசை இழுத்துத்தான் முழங்கை நீள்கிறது. மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று ஜோடி ஜோடியாக வைத்திருப்பது அதனால்தான்.

கே: சுருங்குகிறது என்கிறார்களே, உள்ளே நிஜமாகச் சுருங்குவது எது?
– வாசகர், திருவாரூர்

ப: ஆழித்தேர் வடம் பிடித்த ஊர்க்காரருக்கு விளக்குவது சுலபம். தேர் நகர்வதற்கு வடம் குட்டையாக வேண்டியதில்லை. கைகள் பிடித்து இழுத்தால் போதும். தசை நாருக்குள் மயோசின் என்ற தடித்த இழையின் தலைகள், ஆக்டின் என்ற மெல்லிய இழையைப் பிடிக்கும், இழுக்கும், விடும், தள்ளிப் பிடிக்கும். இழைகளின் நீளம் அப்படியே இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சறுக்குவதால்தான் தசை குறுகுகிறது. கால்சியம் வந்தால் பிடி, ஏடிபி வந்தால் விடு. ஆம், பிடியை விடவும் ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். உயிர் போன சில மணி நேரத்தில் உடம்பு விறைப்பது ஏடிபி தீர்ந்து, பிடித்த பிடி விடாததால்தான்.

கே: இதையெல்லாம் கண்டுபிடித்தது வெள்ளைக்காரர்கள்தானா? நம்மவர் பெயர் ஒன்றுகூட இல்லையா?
– வாசகர், கும்பகோணம்

ப: சறுக்கலை 1954 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர்கள் இரண்டு ஹக்ஸ்லிகள், ஆளுக்கொரு கூட்டாளியோடு. இருவருக்கும் உறவு கிடையாது. அதே ஆண்டு, அதே இதழில் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜெனின் மூவிழை அமைப்பை எழுதினார்கள். தசையை எலும்போடு கட்டும் நாணின் முக்கியச் சரக்கு கொலாஜென்தான். இழுக்கிற இழை வெளிநாடு என்றால், கட்டுகிற கயிறு சென்னை. ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை. ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு 1963இல் கிடைத்தது, ஆனால் தசைக்காக அல்ல, நரம்புக்காக!

கே: ஆறு மாதம் ஜிம்முக்குப் போனால் தசைகள் கூடுமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

ப: பிறக்கும்போது 600க்குச் சற்று மேல். இன்றும் அதேதான். நார்கள் தடிக்கும். சந்தா தொகையும்.

கே: நாகஸ்வரக் கலைஞருக்குக் கன்னம்தான் பலமா?
– வாசகி, நரசிங்கம்பேட்டை

ப: 2022இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரிலிருந்து இப்படிக் கேட்கலாமா? கன்னத் தசை காற்றுக்குக் கரை கட்டுகிறது, உதட்டைச் சுற்றிய வளையத் தசை சீவாளியை ஒழுகாமல் பிடிக்கிறது. காற்றை உள்ளே வாங்குவது உதரவிதானம், அளந்து வெளியே விடுவது வயிற்றுத் தசைகளும் விலா இடைத் தசைகளும். பக்கத்தில் தவில்காரரின் முன்கையைப் பாருங்கள். ஒரு கை குச்சியோடும் மறு கை கூடு போட்ட விரல்களோடும் வேறு வேறு கணக்குப் போடுகின்றன. இரண்டு பேருக்குமே கச்சேரி முடிந்ததும் சாப்பாடு பலமாக இருக்க வேண்டும்.

கே: நடுராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. அப்பாயி கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்.
– வாசகி, மன்னார்குடி

ப: சாவி வலிப்புக்காக ஊரில் செய்வது. அதற்கும் பயனில்லை, இதற்கும் இல்லை. முழங்காலை நீட்டி, கால்விரல்களைப் பிடித்து முட்டியை நோக்கி இழுங்கள், இளகிவிடும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் போங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடு. சாவிக்கொத்தை அப்பாயியிடமே கொடுத்துவிடுங்கள், பீரோ அவருடையது.

கே: தஞ்சாவூர்ப் பொம்மையைச் சாய்த்தால் எழுந்து நிற்கிறது. அதற்குத் தசை உண்டா?
– மாணவர், தஞ்சாவூர்

ப: அடியில் களிமண் பாரம், உருண்டை அடிப்பாகம். சம்பளமில்லாமல் நிற்கும். நமக்கோ நிற்கும்போது உடம்பின் எடை கணுக்காலுக்குச் சற்று முன்னால் இறங்குகிறது. கெண்டைக்கால் தசை ஓயாமல் பின்னுக்கு இழுத்துப் பிடிக்காவிட்டால் முகம் குப்புறத்தான். நம்பாவிட்டால் கும்பகோணம் பஸ்ஸில் நின்றபடி தூங்கிப் பாருங்கள். கம்பியைப் பிடிக்காமல்.