குட்டிக் கிட்டாருக்கு எந்த ஸ்ட்ரிங்?

முக்கால் அளவுக் கிட்டார் என்று விற்கப்படுவது முழுக் கிட்டாரின் முக்கால் பங்கு அல்ல. நைலான் ஸ்ட்ரிங் கட்டிய முழு அளவுக் கிட்டாரில், கழுத்தின் நுனியிலுள்ள நட்டுக்கும் பிரிட்ஜில் பதித்த வெள்ளைப் பட்டைக்கும் நடுவே தந்தி அதிரும் நீளம் வழக்கமாக 650 மில்லிமீட்டர். அதில் முக்கால் 487 சொச்சம். ஆனால் முக்கால் என்று கடையில் தொங்குவது 580-ஐ ஒட்டி இருக்கும். யமஹாவின் சிஎஸ்40 அப்படித்தான். அரை அளவு என்பது 535 வரை போகும். அளவையில் இவ்வளவு தாராளம் காட்டும் வியாபாரம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே ஸ்ட்ரிங் வாங்கக் கிளம்புமுன், தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து, நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது.

இத்தகைய கிட்டார்கள் பெரும்பாலும் கோடை விடுமுறை வகுப்பை முன்னிட்டு வீட்டுக்குள் நுழைகின்றன. ஜூனில் பள்ளி திறந்ததும் குழந்தை கராத்தேக்கு மாறிவிடும். கிட்டார் அப்பாவிடம் வந்து சேரும். அவர் முதலில் கண்டுபிடிப்பது தந்திகள் தொளதொளவென்று கிடப்பதை. ஆறாம் தந்தியைக் கொஞ்சம் அழுத்தி மீட்டினால் ஃப்ரெட்டில் பட்டுச் சர்ரென்கிறது. மட்டமான சரக்கு, மாற்ற வேண்டும் என்று தீர்ப்பாகிவிடும்.

சரக்கின் மேல் குற்றமில்லை. ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு முறுக்கும்போது, இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 650 மில்லிமீட்டரில் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ அளவுக்கு இழுக்கும். அதே செட் 580-ல் 32 கிலோ, 535-ல் 27. எட்டாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் எந்தக் கடையிலும் பில்லோடு சேர்த்து இதைச் சொல்வதில்லை.

பாக்கெட்டின் மேல் நார்மல், ஹார்ட், எக்ஸ்ட்ரா ஹார்ட் என்று போட்டிருக்கும். எக்ஸ்ட்ரா ஹார்ட் என்றதும் கிட்டார் இரண்டாக மடிந்துவிடுமோ என்ற பயம் வருவது இயற்கை. உண்மையில் நார்மலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்குப் பத்துக்கு முன்பின்தான். குட்டிக் கிட்டாரில் போன இருபதில் அது பாதியைத்தான் மீட்டுத் தரும். 580-ல் கட்டிய எக்ஸ்ட்ரா ஹார்ட், 650-ல் கட்டிய நார்மலைவிட இளகித்தான் நிற்கும். ஆகவே பயப்படாமல் வாங்கலாம். அதிசயத்தையும் எதிர்பார்க்க வேண்டாம்.

காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. 580 மில்லிமீட்டர் என்பது, முழுக் கிட்டாரில் இரண்டாம் ஃப்ரெட்டில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கிளிப்பை மாட்டினால் மிஞ்சும் நீளமேதான். எனவே சாதாரண நார்மல் செட்டைப் போட்டு, ஆறு தந்திகளையும் இரண்டு ஃப்ரெட் அளவு ஏற்றிச் சுருதி சேர்த்தால், அந்த 40 கிலோ அப்படியே திரும்பிவிடும். ஒரு கட்டைக்குப் பாடுபவர் இரண்டு கட்டைக்கு ஏறுவது போல. தனியாக வாசிப்பவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. பக்கத்தில் இன்னொரு கிட்டார் வாசிக்கும்போதுதான் இருவரும் ஒரே பிடி பிடித்து இரண்டு பாட்டு வரும். இன்னும் சிறிய கிட்டாலேலே 433 மில்லிமீட்டர். அதை ஐந்து ஃப்ரெட் ஏற்றியே சுருதி சேர்க்கிறார்கள்.

ஏற்றாமல் வழக்கமான சுருதியிலேதான் வாசிப்பேன் என்பவருக்கு, சிறு கிட்டாருக்கென்றே கனமாகச் செய்த செட்டுகள் இருக்கின்றன: ஹானபாக் 890 வரிசை, டி'அடாரியோவின் இஜே27என் வகையறா. பாக்கெட்டில் முக்கால், அரை என்று பின்னம் போட்டிருக்கும். நாடாவில் அளந்த எண்ணை அங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாச் செட்டிலும் தொல்லை கொடுப்பது மூன்றாம் தந்தியான ஜி. உலோகம் சுற்றாத மூன்றில் அதுதான் தடியானது. குட்டிக் கிட்டாரில் தொய்ந்து, ஜலதோஷம் பிடித்த குரலில் 'தொம்' என்னும். மேல் ஃப்ரெட்டுகளில் அழுத்தினால் சுருதி ஏறிக்கொள்ளும். ஒரு காலத்தில் இந்த இடத்தில் ஆட்டுக்குடல் நரம்பு இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அறுவை சிகிச்சைத் தையலுக்குக் குடல் நரம்பு தேவைப்பட்டதால் கிட்டாருக்குத் தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கில் கிட்டார் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டீன், கிட்டார் மேதை செகோவியாவின் ஊக்கத்தோடு, டியூபான்ட் கம்பெனியின் நைலானைத் தந்தியாக்கினார். நைலான் குடலைவிட லேசானது. அதே எடை வர வேண்டுமானால் தடிமன் கூட வேண்டும். ஜி தந்தி அன்று பருத்தது, இன்னும் இளைக்கவில்லை.

பரிகாரம் கார்பன் என்ற பெயரில் வரும் ஃப்ளூரோகார்பன். நைலானைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி. அதனால் ஒல்லியாக இருந்துகொண்டே அதே இழுவையைத் தரும், ஓசையும் பளிச்சென்று இருக்கும். முதல் இரண்டுக்கு நைலான், மூன்றாவதற்கு மட்டும் கார்பன் என்று கலந்து கட்டுவது குட்டிக் கிட்டாருக்கு மிகப் பொருத்தம். இந்தக் கார்பன், தூண்டில் நரம்பாகவும் விற்கும் அதே பொருள்தான். சிக்கனக்காரர்கள் மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கிக் கட்டுவதும் உண்டு. தடிமன் சரியாக இருந்தால் கிட்டாருக்கு வித்தியாசம் தெரியாது.

கூடாத ஒன்று ஸ்டீல். "இதையே போடுங்க சார், சத்தம் கணீர்னு வரும்" என்று கடைப் பையன் நீட்டுவான். கணீர் என்பது வாஸ்தவம். முழு அளவு ஸ்டீல் கிட்டாரில் இழுவிசை 70 கிலோவை எட்டும். நைலான் கிட்டாரின் பிரிட்ஜோ பலகையில் வெறும் பசையால் ஒட்டியது. சில நாளில் அது பலகையை விட்டு எழுந்து வரும்.

கட்டும்போது வழுவழுப்பான முதல் மூன்றையும் பிரிட்ஜில் இரண்டு மூன்று சுற்று கூடுதலாகக் கோத்து, கடைசிச் சுற்று பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே மாட்டும்படி இழுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் தந்தி நடு இரவில் உருவிக்கொண்டு வந்து, பலகையில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகும். புது நைலான் சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை, திரும்ப முறுக்கினால் போதும்.

பெரும்பாலும் முதலில் அறுவது நான்காம் தந்தி. அதன் மேல் சுற்றிய உலோகம்தான் மூன்றில் மெல்லியது. ஃப்ரெட்டுகள் உராயும் இடத்தில் சுற்று தேய்ந்து பிரியும். தந்தியின் அடிப்பக்கத்தில் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் செட்டையே மாற்றும் வேளை வந்துவிட்டது. மற்ற ஐந்தும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று மனம் கேட்காதவர்களுக்காக, நான்காம் தந்தியைச் சில கடைகளில் தனியாகவும் கொடுக்கிறார்கள்.